ஜெராக்ஸ் அக்கா போடாத ஓட்டு

அந்தக் கடையில் காகிதங்கள் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். யார் எதை நீட்டினாலும் அக்கா எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படிதான் வாங்குவார். கண்ணாடிமேல் வைத்து மூடியைச் சாத்துவார். நகல் வெளியே வந்ததும் அதையும் கவிழ்த்தே கவுண்டரில் வைப்பார். எதிரே நகராட்சி அலுவலகம், பக்கத்துத் தெருவில் நீதிமன்றம். விவாகரத்து மனு, உயில், ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஃபெயிலான மதிப்பெண் பட்டியல் என்று பாதி ஊரின் ரகசியம் பதினோரு வருடமாக அவர் கையைக் கடந்து போயிருக்கிறது.

"கண்ணாடிக்குள்ள போறது என் கண்ணுக்குள்ள போகாது" என்பார். "போச்சுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும், மறுநாள் எவன் என்கிட்ட பேப்பர் குடுப்பான்?"

தெருவில் எல்லாருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா. எங்கள் ஆய்வில் அவர் நானூற்றுப் பதினேழு.

பல்கலைக்கழகத்தில் ஒரு தேர்தல் ஆய்வு நடந்தது. ஆயிரத்து இருநூற்று ஆறு பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அதே ஆட்களை மூன்று முறை சந்திக்க வேண்டும். தேர்தலுக்கு முன்பு ஒரு சுற்று, முடிந்தவுடன் ஒரு சுற்று, ஒரு வருடம் கழித்து ஒரு சுற்று. மக்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், கட்சிகளை எவ்வளவு நம்புகிறார்கள், ஓட்டுக்குப் பலன் இருக்கிறது என்று நினைக்கிறார்களா என்பதெல்லாம் கேள்விகள். வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். லாரிக்கு லோடு ஏற்றும் அப்பா, "அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேக்கவா பதினஞ்சு வருஷம் படிச்சே?" என்று கேட்டார்.

முதல் சுற்றுக்குப் போனபோது அக்கா எனக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டு, அவர் என்னைக் கேள்வி கேட்டார்.

"என் பேரு எங்க போகும்?"

"பேரும் விலாசமும் முதல் தாள்ல மட்டும்தான்க்கா இருக்கும். அதைக் கிழிச்சுத் தனியா பூட்டி வெச்சிடுவாங்க. பதில் இருக்கிற தாள்ல வெறும் நம்பர்தான்."

"யாருக்கு ஓட்டுன்னு கேப்பியா?"

மாதிரி ஓட்டுச்சீட்டைக் கொடுத்தேன். கட்சிச் சின்னங்கள் அச்சிட்டது. அவர் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு குறியிட்டு, நாலாக மடித்து, என் துணிப்பையில் போட்டார்.

"பையை நீ பிரிச்சுப் பாப்பியா?"

"மாட்டேன். ஆபீஸ்ல வேற ஒருத்தர் பிரிப்பாரு. அவருக்கு எது யாருதுன்னு தெரியாது."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தொழில் ஒண்ணுதான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்துவிட்டார். தெருவில் பார்த்தால், "என்ன கேள்வி, இன்னைக்கு எத்தனை பேரு கதவைச் சாத்துனாங்க?" என்பார்.

அந்தக் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறை நகராட்சிக்குச் சொந்தம், ஒதுக்கீடு அக்காவின் அண்ணன் பெயரில். அண்ணன் ஆளும் கட்சியின் வட்டப் பொறுப்பாளர். அக்காவின் கணவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. ஒரே வாரத்தில் அலைந்து திரிந்து அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தவர் அண்ணன்தான். பெரிய மெஷினும் அவர் வாங்கிப் போட்டது. மூலையில் இருமிக்கொண்டிருக்கும் சின்ன மெஷின் மட்டும் அக்காவினுடையது. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. "அண்ணன் இல்லன்னா நானும் அவளும் எங்கே நின்னிருப்போமோ" என்று அக்கா முதல் நாளே சொன்னார். நான் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. படிவத்தில் எழுத இடம் இல்லை.

தேர்தல் முடிந்த பத்தாம் நாள் இரண்டாம் சுற்றுக்குப் போனேன். அக்காவின் கணுக்காலில் கட்டு. காலை ஒரு பேப்பர் ரீம்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. கேள்வியை அச்சில் உள்ளபடி ஒரு சொல்கூட மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தேன்.

"பலருக்கு உடல்நலக் குறைவாலோ நேரமில்லாமலோ வாக்களிக்க முடியாமல் போகிறது. நடந்து முடிந்த தேர்தலில் நீங்கள் வாக்களித்தீர்களா?"

அக்கா தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல என் பேரு இல்லல்ல?"

"இல்லக்கா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப எழுது. போடல."

தேர்தல் நாள் காலையில் மேல்தட்டிலிருந்து பேப்பர் எடுக்க ஏறி, ஏணி சறுக்கிவிட்டது. மகளோடு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வரிசையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். காரணத்தை எழுதி, 'இல்லை' என்பதைச் சுழித்துவிட்டு வந்தேன். பெயர் இல்லையே என்று ஏன் இரண்டு முறை கேட்டார் என்று யோசிக்கவில்லை. அன்று இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.

மூன்று வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார். மேடம் எங்கள் ஆய்வை நடத்தும் பேராசிரியர். ஆட்கள் சொன்ன பதிலை, யார் யார் வாக்களித்தார்கள் என்று குறிக்கப்பட்ட வாக்காளர் பதிவேட்டோடு அனுமதி வாங்கி ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். ஓட்டுப் போடாமலே போட்டேன் என்று சொன்னவர்கள் நூற்று முப்பத்தெட்டு பேர். அது மேடத்துக்குப் பழக்கமான விஷயம். போடவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் எல்லா ஆய்விலும் இருப்பார்கள்.

"ஆனா இந்த ஒண்ணு தலைகீழா இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். நானூற்றுப் பதினேழு. சொன்ன பதில்: இல்லை. பதிவேட்டில்: வாக்களித்தார். "போட்டுட்டு யாராவது போடலன்னு சொல்வாங்களா? பேனா வழுக்கியிருக்கும். ஏற்கனவே உன் படிவத்துல ரெண்டு தப்பு வந்திருக்கு. இது மூணாவதுன்னா, களத்துலேர்ந்து உன்னை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வா. முறைப்படி கேளு."

முறை எனக்குத் தெரியும். ஆளைத் தனியாகப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லவே கூடாது. பழைய கேள்வியை மறுபடி வாசித்து, வருகிற பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி வகுப்பில் அதைச் சத்தமாக ஒப்பித்தவள் நான். ஆனால் அன்று என் மனதில் இருந்தது முறை அல்ல. என் பேனா வழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதுவும் கூடாத காரியம்தான்.

கடைக்குப் போனபோது மணி பதினொன்று இருக்கும். கவுண்டருக்கு முன்னால் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மட்டும் தன் காகிதத்துக்காகக் காத்திருந்தார். பெரிய மெஷினின் பக்கக் கதவு திறந்து கிடந்தது. பேப்பர் சிக்கிக்கொண்டிருந்தது போல. நான் நேராகக் கவுண்டருக்குப் போய் அச்செடுத்த தாளை விரித்தேன்.

"அக்கா, ஒரு குழப்பம். நீங்க ஓட்டுப் போடலன்னு சொன்னீங்க. பதிவேட்டுல போட்டதா இருக்கு. இதோ பாருங்க, உங்க பேருக்கு நேரா."

அக்கா தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அப்போதுதான் மெஷினுக்குப் பின்னால் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். கையில் கசங்கிய தாள், விரலெல்லாம் டோனர் மையின் கறுப்பு.

அண்ணன்.

"யாரும்மா நீ?" என்றார் தன்மையாக.

ஆய்வுக்காக வந்திருப்பதாகச் சொன்னேன்.

"ஓ. ஆய்வு." கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். "நல்ல விஷயம். படிச்ச பிள்ளைங்க இந்த மாதிரி எல்லாம் பண்ணணும். அந்தப் பேப்பரை இப்படிக் குடு."

நான் கையை நகர்த்துவதற்குள் அக்கா தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார்.

"குடு, பாப்போம்" என்றார் அண்ணன்.

"இது கடைக்கு வந்த பேப்பர். கொண்டு வந்தவங்க கையிலதான் திருப்பிக் குடுப்பேன்."

"என்கிட்டயேவா?"

"யாருகிட்டயும்தான். பதினோரு வருஷமா அப்படித்தானே."

தாளைக் கவிழ்ந்த வாக்கிலேயே என் பக்கம் தள்ளினார். நான் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஆளு போகாமலே ஓட்டு போகுதா? நல்லாயிருக்கே. நான் உயிரோட இருக்கேன்னு காட்டறதுக்கு வருஷா வருஷம் மூணு காப்பி எடுத்துக்கிட்டு பென்ஷன் ஆபீஸ்ல போய் நிக்கிறேன்."

"பெரியவரே, மெஷின் ரிப்பேர். அப்புறம் வாங்க" என்றார் அண்ணன் அவரைப் பார்க்காமலே.

"சின்ன மெஷின் ஓடுதே" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இங்க பாரும்மா. அன்னைக்குக் கால்ல அடி. வலி மாத்திரை போட்டிருந்தா. மயக்கத்துல போட்டதை மறந்துட்டா. ஒரு சுழிதானே, திருத்திடு. உனக்கும் தொல்லை இல்ல, எங்களுக்கும் இல்ல."

"மாத்திரை சாயங்காலம்தான் குடுத்தாங்க" என்றார் அக்கா.

"நீ சும்மா இரு."

"அண்ணே, எலெக்‌ஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் ஒரு லிஸ்ட்டு கொண்டு வந்தியே. முப்பது செட்டு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வாக்குச்சாவடியில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு ஏஜெண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் ஓட்டுப் போட வந்ததும், தன் கையில் இருக்கும் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராக டிக் அடிப்பார். அக்காவின் சாவடிக்கு ஏஜெண்டு அண்ணன்தான். டிக் அடித்த பட்டியலைக் கட்சிக்காரர்களுக்காக நகல் எடுக்கக் கொண்டு வந்திருக்கிறார், தங்கை கடைக்கே.

"அதுல என் பேருக்கு நேரா டிக் இருந்துச்சு. பச்சை இங்க். உன் பேனா."

"நீதான் எதையும் பாக்க மாட்டியே."

"என் பேருண்ணே. கண்ணு தானா போயிடுச்சு. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை." அக்கா கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தரையில் இறக்கினார். "பேப்பரை வெக்கும்போதே தெரிஞ்சுது. முப்பது தடவை மூடியைத் திறந்து மூடினேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?"

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"நீ வர முடியாதுன்னு தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "நம்ம வீட்டு ஓட்டுதானே. வீணாப் போகணுமா? ஒரு பொம்பளையை அனுப்பினேன், போட்டுட்டு வந்தா. வேற கட்சிக்கா போட்டேன்? நீ போயிருந்தாலும் அதுக்குத்தானே போட்டிருப்பே?"

அக்கா கவுண்டரில் கிடந்த காகிதங்களை ஓரமாகச் சேர்த்து அடுக்கினார். அவர் மடித்துப் போட்ட அந்த மாதிரிச் சீட்டு எனக்கு நினைவு வந்தது. அவர் எந்தச் சின்னத்தில் குறியிட்டார் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அந்தக் கடைக்குள் அதைத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

"சரி, அதை விடு" என்று அண்ணன் எழுந்தார். "இந்தப் பொண்ணு 'போட்டாங்க'ன்னு எழுதிட்டுப் போகட்டும். இல்லன்னா, நாளைக்கு எவனாவது இதைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போவான். என் பேரு நாறும். கடை யாரு பேர்ல இருக்குன்னு உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டாம்ல?"

மகள் படிக்கும் சின்ன மேசை கடையின் உள்பக்கம் இருந்தது. அதன்மேல் கணக்கு நோட்டு ஒன்று திறந்தபடி கிடந்தது. அக்காவின் பார்வை அங்கே போய்த் திரும்பியது.

"அக்கா," என்றேன், "நான் என் தப்புன்னு எழுதிக்கிறேன். பேனா வழுக்கிடுச்சுன்னு."

உண்மையாகத்தான் சொன்னேன். அதில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு அந்த இடத்தை விட்டு ஓடிப்போவதற்காக என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வழுக்கிச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் எழுதணும்? அவரு டிக்கைச் சுமக்கிறதே பெரிய பாடா இருக்கு. உன்னோட பொய்யையும் நான் தூக்கணுமா?" கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "கேள்வி, அந்தக் கேள்வியை மறுபடி கேளு. அச்சுல இருக்கிற மாதிரியே."

"தனியாத்தான் கேக்கணும்க்கா. அதுதான் முறை."

"தனியாத்தான் அன்னைக்குச் சொன்னேன். என் பேரு இல்லாத ஒரே இடம்னு நெனச்சு உன்கிட்ட சொன்னேன். நீ என் பேரோட அதைத் தூக்கிக்கிட்டு வந்துட்டே." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "வந்தாச்சு. இனிமே பேரோடயே இருக்கட்டும். கேளு."

படிவத்தை எடுத்தேன். பலருக்கு உடல்நலக் குறைவாலோ என்று ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கி, கடைசிச் சொல்வரை வாசித்தேன்.

அக்கா அண்ணனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இல்ல. நான் போடல."

சுழித்தேன். பேனா தாளில் உரசிய சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் கையிலிருந்த கசங்கிய தாளைக் கவுண்டரில் வைத்து, ஏனோ அதை இரண்டு முறை நீவிவிட்டார். பிறகு வெளியே போனார். போஸ்ட்மாஸ்டர் விலகி வழிவிட்டார்.

"மூணு காப்பிதானே?" என்று அவரிடம் கேட்டபடி அக்கா சின்ன மெஷினை ஆன் செய்தார்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். பதிவேட்டுத் தாளை எடுத்துப் போனது, மூன்றாம் ஆள் இருக்கும்போது கேட்டது, பதிலாளர் மறுபடி 'இல்லை' என்று சொன்னது. மேடம் நெடுநேரம் படித்தார். "படிவம் சரி. நீ பண்ணினது சரியில்ல" என்றார். இரண்டாம் சுற்றின் மிச்ச வீடுகளுக்கு என்னை அனுப்பவில்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து பதில்களைக் கணினியில் ஏற்றினேன். முதல் இரண்டு சுற்றின் அறிக்கை வெளியானபோது நூற்று முப்பத்தெட்டு பேருக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. நானூற்றுப் பதினேழுக்கு ஓர் அடிக்குறிப்பு: ஒரு நேர்வில் பதிவேடு பதிலோடு பொருந்தவில்லை, பதிலாளர் தம் பதிலை உறுதிசெய்தார்.

அந்த வரி அச்சாவதற்கு முன்பே கடைக்கு வேறு பூட்டுப் போட்டிருந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து மூன்றாம் சுற்று. பழைய ஆளே போனால்தான் பதில் சொல்வார்கள் என்று மேடம் என்னையே அனுப்பினார். தெருவில் கேட்டதும் கை காட்டினார்கள். நாலு கட்டடம் தள்ளி, பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே, சாய்ந்த கூரைக்கு அடியில் அந்தச் சின்ன மெஷின் இருமிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். மகளின் மேசைக்கு அங்கே இடம் இல்லை. அவள் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாளாம்.

"வாம்மா கேள்வி. தலை பத்திரம்."

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல."

"இல்லாததை எதுக்குக் கேக்கறே? இருக்கிறதைக் கேளு."

கேட்டேன். இடையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருந்தது. வாக்களித்தீர்களா என்ற கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அக்கா தலையை ஆட்டிவிட்டார்.

"போட்டேன். ஏழு மணிக்கு முதல் ஆளா போய் நின்னேன். உள்ள ஆபீசர் என் பேரையும் நம்பரையும் சத்தமா வாசிச்சாரு. ஏஜெண்டு மேசையில அண்ணன். பேனாவை வெச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. நான் நகரல. பின்னாடி வரிசையில 'ஏம்மா, போம்மா'ங்கிறாங்க. ஆபீசரும் போங்கன்னாரு. நான் நின்னேன்."

"அப்புறம்?"

"டிக் அடிச்சாரு. அப்புறம்தான் போனேன்."

எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்விக்குப் போகாமல், படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "புகார் எதுவும் குடுக்கலையாக்கா? அன்னைக்கு நடந்ததுக்கு?"

"அவரு என் அண்ணன்" என்றார். மெஷினில் தாளை அடுக்கியபடி, "கடையைப் பூட்டினதும் அவருதான். பிடிச்சுக் குடுத்ததும் அவருதான். எதைன்னு எழுதிக் குடுக்கிறது?" என்றார்.

பல் டாக்டர் வீட்டுப் படியில் யாரோ ஏறிப் போனார்கள். எங்கள் தலைக்கு மேலே அந்த அடிகள் ஒவ்வொன்றாகக் கேட்டன.

"இந்தத் தடவை லிஸ்ட்டு?"

"வந்துச்சு. ஆளை விட்டு அனுப்பியிருந்தாரு. வேற எங்க போவாரு, இந்தத் தெருவுல மெஷின் இது ஒண்ணுதான். முப்பது செட்டு எடுத்துக் குடுத்தேன். கவுத்து வெச்சுத்தான்."

"உங்க பேரு இருக்கிற பக்கத்தைப் பாக்கலையா?"

"எதுக்கு?" என்று அடுத்த ஆளின் காகிதத்துக்குக் கையை நீட்டினார். "அதான் அடிக்கும்போதே பாத்துட்டேனே."